ஜன்னலில் ஒரு சதுர அடி குறைகிறது

3

...ஆக, அவன் அறைக்கு ஏழு சதுர அடி ஜன்னல் வேண்டும். இருப்பது ஆறு. நான்கு முறை கணக்குப் போட்டுவிட்டேன். விடிந்தால் அதிகாரி டேப்போடு வந்துவிடுவார்.

(மூன்றிலிருந்து தொடங்குகிறேன். முதல் இரண்டு தொடக்கங்களிலும் பொய் இருந்தது, கிழித்துவிட்டேன். இந்தக் கதை பிறந்ததே ஒரு பொய்யில்தான்.)

4

சித்தி இறந்த பிறகு அவள் மகன், ஏழு வயது, எங்களோடு இருக்கிறான். தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் அவனுக்குத் தனி அறை வேண்டும் என்றது குழந்தைகள் நல அலுவலகம். அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடுதி.

என் படுக்கையறை பன்னிரண்டுக்குப் பத்து. ஜன்னல் பன்னிரண்டு சதுர அடி. அதன் நடுச்சட்டத்திலிருந்து நேராகத் தடுத்தால் ஆளுக்கு அறுபது தரை, ஆறு ஜன்னல். அப்பா சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு இரவுப் பேருந்து ஓட்டப் போய்விட்டார்.

நான் அதை அழித்தேன். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்ப் பக்கம் மட்டும் இரண்டடி என் பங்குக்குள் தள்ளி வரைந்தேன். அவனுக்கு எழுபது, எனக்கு ஐம்பது. [தரை கூடினால் ஜன்னலும் கூட வேண்டும் என்பது, அலுவலகத் தாளை முழுதாகப் படித்த இப்போதுதான் உறைத்தது.]

"ஏம்மா, பலகை கோணலா போகுதே?" என்றார் தச்சர்.

"அப்பாதான் அப்படிப் போடச் சொன்னாரு அண்ணே."

"உங்கப்பா பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுவாரா?"

சிரித்துக்கொண்டே ஆணி அடித்துவிட்டார்.

5

இந்தக் கதையில் வரும் பெண்மீது எனக்கு நம்பிக்கையில்லை. பாசத்தில் இடம் கொடுத்தாள் என்று எழுதும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது! போன மாதம், "இவன் எப்பம்மா போவான்?" என்று கேட்டவளும் அவள்தான். அவன் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதனால்... அதனால் இரண்டடி.

6

முடிவு அ: அதிகாரி ஜன்னலை மட்டும் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

முடிவு ஆ: தரையையும் அளக்கிறார். திட்டு தச்சருக்கு விழுகிறது. நான் வாயைத் திறக்காமல்

(மாட்டேன். இதை எழுத மாட்டேன்.)

முடிவு இ: இப்போதே அம்மாவை எழுப்பி

பலகையை அந்தப் பக்கமிருந்து தட்டுகிறான்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"இல்லடா. நீ ஏன் முழிச்சிட்டிருக்க?"

"இங்க ரொம்பப் பெருசா இருக்கு."

"அதுக்கென்ன, ராஜா மாதிரி உருண்டு படு."

சிரித்தான். பிறகு பையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, சட்டையெல்லாம் பையிலேர்ந்து எடுத்து மாட்டிடவா? இல்ல, பையிலயே இருக்கட்டுமா?"