ஒல்லிக் கைக்கு ஒரு பட்டை

எட்டாம் மாதம் முடியப் போகிறது. தையல்காரிக்கு மூன்று நாளாகத் தலை விண்விண்ணென்று தெறித்தது. ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தால் கண்ணுக்குள் பொறி பறந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் பார்த்த பிரஷர் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டுதான். "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்று நர்ஸ் சீட்டை எழுதி நீட்டினாள்.

கூட வந்த மாமியாருக்கு அது வசதியாகப் போயிற்று. "எடுத்ததுக்கெல்லாம் மூக்குக்கு மேல கோபம் வந்தா தலை வலிக்காம என்ன செய்யும்? பிள்ளைய நினைச்சாவது வாயை அடக்கு." இந்த ஒரு மாதத்தில் அவள் பழி போடாத பொருள் வீட்டில் பாக்கி இல்லை. உப்பு, டீ, தையல் மிஷின், கடைசியில் மருமகளின் வாய்.

தையல்காரி எழுந்திருக்கவில்லை. கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையையே பார்த்தாள். பதினாறு வருடமாக ஊரார் கையை அளந்தே பிழைப்பவள். தன் கை எட்டு அங்குலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பட்டையோ தோளிலிருந்து முழங்கை வரை மூடி, சுற்றியது போக மிச்சம் தொங்கியது. எல்லாருக்கும் ஒரே அளவு என்று அவள் கடையில் யாராவது சொல்லியிருந்தால் கத்தரியைத் தூக்கியிருப்பாள்.

"சிஸ்டர், இது என் கைக்குப் பெருசு. சின்னது போட்டு எடுங்க."

"எல்லாருக்கும் இதுலதான் எடுக்கிறோம்."

"எல்லாருக்கும் ஒரே கையா?"

மாமியார் தோளை இடித்தாள். "மானத்தை வாங்காத, எழுந்திரு."

"மாட்டேன் அத்தை."

காலையிலிருந்து பிள்ளை சரியாக அசையவில்லை. அந்தப் பயம்தான் அவளை நாற்காலியை விட்டு எழ விடவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். அந்தக் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தைகள் வார்டிலிருந்து சின்னப் பட்டையை வரவழைத்தார்.

நூற்று ஐம்பத்திரண்டுக்கு நூற்று இரண்டு. "பெரிய பட்டை ஒல்லிக் கையில பிரஷரைக் குறைச்சுக் காட்டும்" என்றார். பிறகு எல்லாம் ஓட்டம்தான். சிறுநீரில் புரதம் எக்கச்சக்கம், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவு. படுக்கவைத்து, வலிப்பு வராமலிருக்க ஊசி ஏற்றினார்கள்.

"கொஞ்சம் கோபக்காரி டாக்டர், அதனாலதான்" என்று மாமியார் ஆரம்பித்தாள்.

"இந்தப் பிரஷர் கோபத்தால வர்றது இல்லம்மா. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாப் போகாட்டி, அது துருப் பிடிச்ச மாதிரி கெட ஆரம்பிக்கும். அந்தக் கேடு ரத்தத்துல கலந்து குழாய்களைப் புண்ணாக்கும். சில பேருக்கு, நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே ஆள் மாறிப்போய், சொந்த ரத்தக்குழாயையே பிடிச்சு இறுக்கும். ஏன் சிலருக்கு மட்டும்னு இன்னும் முழுசாத் தெரியல. ஆனா இவங்க செஞ்ச தப்பு எதுவும் இதுல இல்ல."

"கேட்டுக்கோங்க அத்தை. இந்த வாய் இல்லாட்டி இந்நேரம் வீட்டுல வலிப்பு வந்து கிடந்திருப்பேன்."

மாமியார் மருமகளின் வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.

"குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிய வந்தாத்தான் இது அடங்கும். குழந்தை சின்னதா இருக்கும்" என்றார் டாக்டர்.

"எடுங்க. சின்னதை நான் வளர்த்துக்கறேன்."

சாயங்காலம் பெண் பிறந்தாள். ஒன்றே முக்கால் கிலோ, அழுகை மட்டும் ஊரைக் கூட்டியது.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து கட்டிலோரம் தயங்கி நின்றாள். "மன்னிச்சிரும்மா."

"அது இருக்கட்டும் சிஸ்டர். இந்த வாரம் அந்தப் பட்டையில பார்த்து வீட்டுக்கு அனுப்பினவங்கள்ல, ஒல்லிக் கைக்காரங்க எத்தனை பேரு?"

நர்ஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"நோட்டை எடுத்துட்டு வாங்க. என் முன்னாலேயே ஃபோன் போடுங்க."

வந்தது நோட்டு. இரண்டு பேர் நன்றாகத்தான் இருந்தார்கள். மூன்றாவது பெண் மெல்லிய குரலில் சொன்னாள்: "நேத்துலேர்ந்து கண்ணு மங்கலா இருக்கு சிஸ்டர். நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களேன்னு படுத்திருக்கேன்."