ஜோஆன் சொன்னதில் பொய் இல்லை

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குக் கபிரியேல் ஹாரன் அடித்தபோது, தாமரையின் மகள் புத்தகப் பையோடு வாசலில்தான் நின்றாள். ஆனால் வேனில் ஏறவில்லை. தாமரை மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இன்னிக்கு நானே கொண்டு போய் விட்டுடுறேன்."

"ஏன்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல அங்கிள். சும்மாதான்." வேனுக்குள் இருந்த மற்ற பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தாள். "நாளைக்கும் வேணாம் லா. வேணும்னா நானே கூப்பிடுறேன்."

கபிரியேல் தலையாட்டிவிட்டு வண்டியை நகர்த்தினார். காரணம் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

பதினெட்டு வருடங்களாகக் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காப்பார் சாலைப் பக்கத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டு, மதியம் திரும்ப ஏற்றிக்கொள்வார். அவருடைய மகள் ஜோஆன் 'பாடும் வீடு' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்டிருந்தாள். பத்துப் பேர் ஒரே வீட்டில் தங்கிப் பாடிப் பழக வேண்டும், பார்வையாளர்களின் ஓட்டுப்படி வாரம் ஒருவர் வெளியேற வேண்டும். உள்ளே போனதும் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

நேற்று மாலை ஒளிபரப்பில் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்கள். ஜோஆன் முறை வந்தபோது கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. நான்தான் நிறுத்தினேன். அதுக்கப்புறம் எங்கப்பா எங்கிட்ட ரெண்டு வருஷம் பேசல. ஒரே வீட்டுலதான் இருந்தோம். நான் ஹாலுக்கு வந்தா அவரு எந்திரிச்சுப் போயிடுவாரு. அப்புறம் நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரூம் எடுத்துட்டுப் போயிட்டேன். அதுவும் ரெண்டு வருஷம் ஆச்சு."

அதைக் கேட்ட நேரத்தில் கபிரியேல் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். வாசலுக்குப் போய்விடலாம் என்று கால் தானாகத் திரும்பியது. மனைவி டொரத்தி நிமிர்ந்து பார்த்தாள். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்க, மறுபடி உட்கார்ந்தார்.

காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மகன் டேரன் இன்னும் வேலைக்குக் கிளம்பாமல் சாப்பாட்டு மேசையில் இருந்தான். ஜோஆனுக்கு மூத்தவன், பங்சாரில் ஓர் அலுவலகத்தில் வேலை.

"அப்பா, இத பாத்தீங்களா?"

'சூடான சேதி' என்கிற பேஸ்புக் பக்கம். ஜோஆன் கண்ணைத் துடைக்கும் படம். அதற்குப் பக்கத்தில் கோயில் திருவிழாவில் எடுத்த கபிரியேலின் படம், எங்கிருந்து எடுத்தார்களோ. மேலே கொட்டை எழுத்தில்: 'தந்தையின் கொடுமை! கதறிய ஜோஆன்!' கீழே ஆயிரத்து எழுநூறு கருத்துகள். பேசாமல் இருந்தது முதல் பத்துக் கருத்துகளுக்குள் திட்டியதாக மாறியிருந்தது. முப்பதாவது கருத்தில் அடித்ததாக ஆகியிருந்தது. ஒருவர், 'இந்த ஆள் ஸ்கூல் வேன் ஓட்டுறார், பெற்றோர்கள் கவனம்' என்று எழுதி, வேன் எண்ணையும் போட்டிருந்தார்.

"நான் இதுக்குப் பதில் சொல்லப் போறேன்," என்றான் டேரன்.

"நீ ஒண்ணும் சொல்லாத."

"அப்ப இவனுங்க என்ன வேணா எழுதலாமா?"

அவன் கேட்கவில்லை. அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்தபடி மதியம் நேரலை போட்டான். தங்கச்சி ஓட்டுக்காக அப்பாவை விற்றுவிட்டாள், வீட்டில் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று பதினோரு நிமிடம் பேசினான். சாயங்காலத்துக்குள் அதையும் வெட்டி ஒட்டிவிட்டார்கள். இப்போது பாதிப் பேர் கபிரியேலைத் திட்டினார்கள், மீதிப் பேர் ஜோஆனைத் திட்டினார்கள். அவளுடைய நிறத்தை, உடையை, நின்றுபோன கல்யாணத்தை இழுத்தார்கள். அதற்கு என்ன காரணம் இருக்கும் என்று அவரவர் ஒரு கதை கட்டினார்கள்.

அந்த வாரம் முழுக்கக் கபிரியேலுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவின வேனையே மறுபடி கழுவினார். சிவப்பு விளக்கில் நின்றால் போனை எடுப்பார். பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்தது தெரியும். பார்க்கக் கூடாது என்று போனை வீட்டில் வைத்துவிட்டுப் போன நாளில் பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவர் தன்னைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தார், நான்காவது முறை அதில் ஏதாவது மாறியிருக்கும் என்பது போல.

அடித்தேன் என்று எழுதுகிறார்களே, அடிக்கவில்லையே என்று மனது வாதாடும். உடனே அந்தச் சாயங்காலம் கண்முன் வரும். மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது, சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் மாப்பிள்ளை நைஜல் பெயரோடு பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. ஜோஆன் சமையலறை வாசலில் நின்று, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்பா," என்றாள். அவர் கையை ஓங்கினார். டொரத்தி குறுக்கே பாய்ந்து நின்றாள். ஓங்கியது அவர் கைதான். அது இறங்காமல் போனதற்குக் காரணம் அவர் இல்லை.

வியாழக்கிழமை நிகழ்ச்சித் தயாரிப்பாளர் குமுதா போன் செய்தாள். குரலில் தேன் வழிந்தது.

"அங்கிள், இந்த வாரம் ஃபேமிலி ரவுண்ட். நீங்க ஸ்டேஜுக்கு வரணும். ஜோஆனுக்கு அது சர்ப்ரைஸ். 'பழசெல்லாம் மறந்தாச்சு, அது சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்'னு சொல்லிட்டுக் கட்டிப் பிடிச்சா போதும். அழுகை வந்தா அடக்காதீங்க."

"வெளியில நடக்கறதெல்லாம் அவளுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது அங்கிள். போன் இல்லையே."

"மேடைக்கு முன்னாடி நான் அவகிட்ட தனியா பேசணும். இல்லன்னா நான் வரல."

"சர்ப்ரைஸ் போயிடும் அங்கிள்."

"அப்ப நான் வரல."

மறுநாள் காலை குமுதாவே மறுபடி கூப்பிட்டு, ஐந்து நிமிடம் என்றாள்.

சுங்கை பூலோவில் ஒரு பழைய கிடங்கை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். அன்று சாயங்காலம் டொரத்தியை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, குமுதா அவரைப் பின்பக்கம் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்த சிறிய அறைக்குக் கூட்டிப் போனாள். ஜோஆன் ஏற்கெனவே அங்கே இருந்தாள். முகத்தில் மேடை ஒப்பனை. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரவா நிற்கவா என்று தெரியாமல் அவரும் நின்றார்.

"சாப்ட்டியா?" என்றார். நாலு வருடத்தில் மகளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"சாப்ட்டேன்பா."

போனை எடுத்து நீட்டினார். அவள் படிக்கப் படிக்க, ஒப்பனைக்கு மேலேயே முகம் வெளிறுவது தெரிந்தது. டேரனின் நேரலையைப் பாதியில் நிறுத்தினாள்.

"நீங்க அடிச்சீங்கன்னு நான் சொல்லவே இல்லப்பா."

"தெரியும்."

"வேன் பிள்ளைங்க?"

"கொஞ்சம் பேர் நின்னுட்டாங்க."

அவள் போனை அவர் கையில் திணித்தாள். "நான் இப்பவே ஸ்டேஜ்ல சொல்லிடுறேன். ஓட்டுக்காகச் சும்மா சொன்னேன்னு. டேரன் சொன்ன மாதிரியே இருந்துட்டுப் போகட்டும். எனக்கென்ன, இந்த வாரம் வெளிய அனுப்பிடுவாங்க, அவ்வளவுதானே."

"நீ சொன்னதுல எது பொய்?"

ஜோஆன் அடுக்கியிருந்த தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்தாள்.

"சொல்லு. எது பொய்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்குப் பொய்னு சொல்லப் போறே?" என்றார். கோபமாகச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் குரல் அப்படித்தான் வந்தது. கதவைத் திறந்து குமுதா கைக்கடிகாரத்தைக் காட்டினாள்.

மேடை வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. தொகுப்பாளர் அவர் தோளில் கை போட்டு, "அங்கிள், மகளைப் பத்தி நெட்டுல என்னென்னமோ பேசிக்கறாங்க. உண்மை என்னன்னு நீங்களே சொல்லுங்க," என்றார். ஓரத்தில் நின்ற குமுதா கட்டிப் பிடிக்கும்படி கையால் சைகை காட்டினாள்.

கபிரியேல் கேமராவைப் பார்க்காமல் முன்வரிசையில் இருந்த டொரத்தியைப் பார்த்துப் பேசினார்.

"நான் ரெண்டு வருஷம் என் பொண்ணுகிட்ட பேசல. அவ சொன்னது உண்மை. அவ வீட்ட விட்டுப் போனப்பறமும் நான் போய்ப் பாக்கல, அத அவ சொல்லல. கல்யாணம் வேணாம்னு சொன்ன அன்னிக்கு நான் கைய ஓங்கினேன். அதையும் அவ சொல்லல. அடிக்கல. அவ அம்மா நடுவுல வந்ததால அடிக்கல. என் மகன் போன்ல பேசினது தப்பு. என்னைத் திட்டறவங்க திட்டிக்கட்டும். ஜோஆன் சொன்னதுல பொய் இல்ல."

தொகுப்பாளர் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை. ஜோஆனின் கழுத்தோரம் ஒலிவாங்கியின் ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தது. கபிரியேல் அதை நேராக்கி விட்டு இறங்கி வந்தார்.

சனிக்கிழமை வந்த முன்னோட்டத்தில் ஒரே ஒரு வரியைத்தான் போட்டார்கள். 'நான் கைய ஓங்கினேன்.' பின்னால் மேளம். மூன்று முறை. தேவாலயத்துக்குப் போகவே டொரத்திக்குக் கூச்சமாக இருந்தது. "எதுக்குங்க அத போய்ச் சொன்னீங்க? யாரு கேட்டா?" என்று அழுதாள். டேரன் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஞாயிறு மாலை முழுப் பேச்சும் ஒளிபரப்பானது. ஆனால் முன்னோட்டத்தைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்களோ தெரியாது. அடுத்த வாரம் மேலும் நாலு பிள்ளைகள் வேனிலிருந்து நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை தாமரை கூப்பிட்டாள். "அங்கிள், ஃபுல் புரோகிராம் பாத்தேன். நாளையிலேர்ந்து பாப்பா வேன்ல வரட்டும்." கொஞ்சம் தயங்கி, "கோபம் வந்தா நீங்க பிள்ளைங்ககிட்ட எப்படி இருப்பீங்கன்னு பாப்பாகிட்ட கேட்டேன். ரேடியோ சத்தத்தக் கூட்டி வெச்சுக்குவாருன்னு சொன்னா," என்றாள். கபிரியேலுக்குச் சிரிப்பு வந்தது, பல நாளைக்குப் பிறகு.

இரண்டு வாரம் கழித்து ஜோஆன் போட்டியிலிருந்து வெளியேறினாள். யாரிடமும் சொல்லாமல், மதியப் பிள்ளைகளை வீட்டில் விட்ட கையோடு கபிரியேல் வேனை எடுத்துக்கொண்டு சுங்கை பூலோவுக்குப் போனார். பெட்டியோடு வாசலில் நின்ற ஜோஆன் வாடகைக் காருக்காகக் காத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஏறிக்கொண்டாள். திரும்பக் கிடைத்த போன் அவள் மடியில் ஓயாமல் அதிர்ந்தது.

டூத்தா சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. மழை தூறத் தொடங்கியது. அவள் படித்துக்கொண்டே வந்தாள். கபிரியேல் துடைப்பானைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார். இத்தனை ஆயிரம் பேர் ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். அவர் ஒருவர்தான் இதுவரை கேட்காதவர்.

"நைஜல வேணாம்னு ஏன் சொன்னே?"

ஜோஆன் போனைக் கவிழ்த்து வைத்தாள். முன்னால் நின்ற லோரியின் பின்விளக்கைப் பார்த்தபடி இருந்தாள்.

"தெனமும் சாயங்காலம் என் போன வாங்கிப் பாப்பான்பா. யாரு கூப்பிட்டா, யாரு மெசேஜ் அனுப்பினா, எல்லாம். கோயில் குவாயர்ல என்கூடப் பாடற பசங்க நம்பரெல்லாம் அழிச்சுட்டான். ஒரு தடவ நான் குடுக்க மாட்டேன்னு சொன்னதுக்கு கார லாக் பண்ணிட்டு ரெண்டு மணி நேரம் எறங்க விடல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அம்மாகிட்ட சொன்னேன். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்னாங்க."

டொரத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை, இத்தனை வருடமாக. கோபம் வந்தது. யார் மேல் வைப்பது என்று தெரியாமல் அது அவருக்குள்ளேயே சுற்றியது.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எப்பப்பா சொல்றது? நீங்கதான் எந்திரிச்சுப் போயிடுவீங்களே."

அவள் அறை இருந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்ப வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. பங்சார் கடைகளின் விளக்குகள் தெரிந்த பிறகுதான் ஜோஆன் நிமிர்ந்தாள்.

"அப்பா, ரூட்டு மாறிடுச்சு."

"ஆமா," என்றார் கபிரியேல். இடப்பக்கம் ஒதுக்கி வேனை நிறுத்தினார். இயந்திரத்தை அணைத்தார். கால் பரபரத்தது. கதவைத் திறந்து இறங்கி, மழையில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் தேவலை போலிருந்தது. அவர் இறங்கவில்லை.

"அந்தக் கார் விஷயத்த முழுசா சொல்லு," என்றார். "மொதல்லேர்ந்து."