முழங்காலுக்கு மேலே

படம் அத்தனையிலும் மாப்பிள்ளை முழங்காலோடு முடிந்துபோயிருந்தான்.

தயாலால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மனைவியின் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பூங்காவில் மகள் நிராலியும் அந்த நூனோவும் மரத்தில் சாய்ந்து நிற்கிறார்கள். முழங்காலுக்கு மேலே. கால்வாய்ப் பாலத்தில் கைகோத்து நிற்கிறார்கள். முழங்காலுக்கு மேலே. நேற்று பையன் வீட்டில் மஞ்சள் பூசிய படங்களும் வந்திருந்தன. கன்னத்தில் மஞ்சள், காதில் மஞ்சள், தோளில் மஞ்சள். ஒரு படத்தில் பையனின் அம்மா லூர்தெஸ், யாரோ கட்டிவிட்ட சேலையில், அவன் காலடியில் குனிந்து என்னவோ செய்கிறாள். என்ன செய்கிறாள் என்று தெரிய வேண்டிய இடத்தில் படம் வெட்டுப்பட்டு நின்றது.

“ஹன்சா, மஞ்சளை முதல்ல எங்க பூசுவாங்க?”

“பாதத்துல. மக கல்யாணத்துக்கு முந்தின நாள் கேக்கிற கேள்வியைப் பாரு.”

“இவனுக்குப் பாதம் எங்க?”

“ஷூவுக்குள்ள இருக்கும்,” என்றாள் ஹன்சா. அவள் சேலைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “உங்களுக்கு வேலை இல்லைன்னா மிட்டாய்ப் பெட்டிக்கு ரிப்பன் கட்டுங்க.”

தயாலால் ரிப்பன் கட்டவில்லை. லெஸ்டர் ஊரில் ஒரு பனியன் ஃபாக்டரி வாசலில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் உத்தியோகம். படிப்பு கம்மி. ஆனால் எவன் பையை ரொம்ப லேசாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறானோ அவன் பையில்தான் சரக்கு இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்தப் பையன் ரொம்ப லேசாக நடந்தான்.

முதல்முறை வீட்டுக்கு வந்தபோதே ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்தான். சாமி அலமாரிக்கு முன்னால், கார்ப்பெட்டின் மேல், ஷூவோடு. “விடுங்க பப்பா, அவங்க பழக்கம் அப்படி” என்றாள் நிராலி. அதற்கப்புறம் அவன் வீட்டுக்கே வரவில்லை. பார்க்க வேண்டுமென்றால் ஓட்டல்தான். அப்படி ஓட்டலில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் தயாலாலின் கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். பையனின் பேன்ட் கொஞ்சம் ஏறியிருந்தது. இடது கணுக்காலில், சாக்ஸுக்கு மேலே, கறுப்பாகக் கெட்டியாக ஒரு பட்டை. அவர் கண் சரியாகப் பதியும் முன்னே பையன் காலை இழுத்துக்கொண்டான்.

அந்தப் பட்டையை அவர் வேறொரு காலில் பார்த்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் கிரீட்டின் மகன் கார் திருடி உள்ளே போய், பாதித் தண்டனையில் வெளியே வந்தபோது போலீஸ் அவன் கணுக்காலில் அதைத்தான் மாட்டி அனுப்பியது. எங்கே போகிறான் வருகிறான் என்று காட்டிக்கொடுக்கும் பட்டை. அந்தப் பயல் கோடைக்காலம் முழுக்க பூட்ஸ் போட்டுக்கொண்டே திரிந்தான்.

“ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன்டி,” என்றார் தயாலால், குரலை இறக்கி.

ஹன்சா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “யாரு?”

“உன் மாப்பிள்ளை. கால்ல போலீஸ் பட்டை கட்டியிருக்கான். போட்டோக்காரிக்கும் தெரியும். அதான் கால் வர்ற இடத்தை எல்லாம் வெட்டிட்டா.”

“தபால்காரர் உள்ளாடை திருடுறார்னு சொன்னதும் நீங்கதான். காத்துல போய் வேலியில மாட்டிக்கிட்டுக் கிடந்தது.”

“நாளைக்கு மண்டபத்துல கால் கழுவணும்ல? என் கையாலதானே கழுவணும்? அப்பப் பாக்கிறேன். பட்டை இருந்தா எம்பொண்ணு கையைப் பிடிச்சு மேடையிலருந்து இறக்கிக் கூட்டிட்டு வந்துடுவேன். இருக்கிற ஐந்நூறு பேரும் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

அவர் சொன்னால் செய்வார். அது ஹன்சாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் கேலி பேசவில்லை.

*

மறுநாள் காலை ஹாலில் முதல் வேலையாகப் போட்டோக்காரியைத் தேடிப் பிடித்தார். ஹர்லீன் என்று பஞ்சாபிப் பெண். தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமரா, குறுக்கே குறுக்கே மாட்டி, ஏதோ போருக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். அலங்காரக்காரர்கள் மணமேடைத் தூண்களுக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டிருக்க, அவள் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நீ எடுக்கிற படத்துல எல்லாம் ஆளு பாதியில நிக்கிறானே, ஏன்?”

“அது ஒரு ஃப்ரேம், அங்கிள். முகம் நல்லா வரணும்னு.”

“மாட்டை விக்கிறவன்கூட நாலு காலும் தெரியத்தான் படம் போடுவான்.”

ஹர்லீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. தயாலால் அதையும் குறித்துக்கொண்டார்.

“இன்னொண்ணு. கல்யாணத்துக்குக் கல்யாணம் பாக்கிறேன், ‘அங்கிள் இன்னொரு தடவை, ஆன்ட்டி இன்னொரு தடவை’ன்னு சாமி காரியத்தை எல்லாம் கேமராவுக்காகத் திரும்பச் செய்யச் சொல்றீங்க. என்கிட்ட அது நடக்காது. நான் எதையும் ஒரு தடவைதான் செய்வேன். எடுத்தா எடு, விட்டா விடு.”

“சரிங்க அங்கிள்.”

“நான் மாப்பிள்ளை காலைக் கழுவும்போது கிட்ட வந்து எடுக்கணும். ரெண்டு காலும் தெரியணும். கணுக்கால் தெரியணும்.”

அவள் கை கேமராவின் மேலேயே நின்றுவிட்டது. “அந்த நேரத்துல நான் பொண்ணு முகத்தை எடுக்கலாம்னு நினைச்சேன், அங்கிள். அப்பதான் அழுவாங்க.”

“அழுகையை வேற யாராவது எடுக்கட்டும். நீ காலை எடு.”

அவர் அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், ஹர்லீன் போனை எடுத்து என்னவோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் மணமகள் அறையிலிருந்து நிராலியின் தோழி ஓடிவந்து அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பை ரொம்ப லேசாக இருந்தது.

*

மேளம் முழங்க மாப்பிள்ளை வந்தான். கூடவே அவன் மாமன், அத்தை, அக்காள் என்று போர்த்துகல்காரர்கள் கூட்டம், தலைப்பாகையும் வளையலுமாக ஆடிக்கொண்டு வந்தது. நூனோவும் ஆடினான். நன்றாகவே ஆடினான். தயாலால் பார்த்தது அவன் காலைத்தான். நீளமான ஷெர்வானி, அதன் கீழே சுருக்கம் விழுந்த பைஜாமா, தோல் ஷூ. ஒரு விரல்கடை தோல்கூடத் தெரியவில்லை.

அவர்கள் வழக்கப்படி, வாசலில் ஹன்சா மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். அவன் உயரத்துக்கு எட்டவில்லை. எம்பிப் பிடித்தாள்.

“ஆன்ட்டி, மூஞ்சி மறைஞ்சிருச்சு, இன்னொரு தடவை!” என்று கத்தினாள் ஹர்லீன்.

ஹன்சா இன்னொரு தடவை இழுத்தாள். மூக்கு தக்காளியாகச் சிவந்துவிட்டது. பையனின் மாமன் ஒருவர் சண்டை என்று நினைத்து முன்னால் வந்துவிட்டார். லூர்தெஸ் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, “இது பாசம், இது பாசம்” என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். தயாலால் சிரிக்கவில்லை.

மணமேடையின் படிகளில் பையன் ஏறும்போது இடது கையால் தூணைத் தொட்டுக்கொண்டான். ஷூ கழற்றும் நேரம் வந்தது. சடங்கு விளையாட்டாக அதைத் திருட நிராலியின் சித்தப்பா பெண்கள் பூனைகள் மாதிரி காத்திருந்தார்கள். அப்போது நூனோவின் நண்பர்கள் இருவர் அவன் முன்னால் ஒரு சால்வையை விரித்துப் பிடித்தார்கள். திருடிகளிடமிருந்து காப்பாற்றுகிறார்களாம். சால்வை விலகியபோது ஷூ போய்விட்டிருந்தது. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளையின் காலில் கனமான கம்பளிச் சாக்ஸ் இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது.

நிராலியை அவள் மாமா கைப்பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தார். இருவருக்கும் நடுவே பிடித்திருந்த திரையை இறக்கினார்கள். மந்திரம் ஓடிற்று. கால் கழுவும் இடம் வந்ததும் புரோகிதர் ஜெயந்த் மகராஜ் தட்டையும் சொம்பையும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“இப்பல்லாம் சுருக்கமாத்தான் செய்யறது, தயாபாய். சமையல்காரர் வேற அவசரப்படுத்தறார். ஒரு பூவைத் தண்ணியில தொட்டுக் காலுக்கு நேரா விட்டுடுங்க.”

“ஏன், தண்ணிக்குத் தட்டுப்பாடா?”

“பப்பா, உங்க முட்டி வலிக்கும். கீழ உக்கார வேண்டாம்,” என்றாள் நிராலி.

“என் முட்டி. நான் பாத்துக்கறேன்.”

“சரி, வலது பாதம் மட்டும் போதும்,” என்றார் மகராஜ்.

“ஏன் மகராஜ், அவன் ரெண்டு கால்லதானே நடந்து வந்தான்?”

தயாலால் ஹர்லீனைத் தேடினார். அவள் தள்ளி நின்று மகளின் முகத்துக்குக் குறிவைத்திருந்தாள். “இங்க வா,” என்று விரலால் கூப்பிட்டார். வந்தாள். கேமராவைத் தூக்கவில்லை.

ஹன்சா மெதுவாக, “என்னங்க, வேண்டாங்க” என்றாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வலது சாக்ஸை உருவினார். நல்ல பாதம். நகத்தோரத்தில் முந்தாநாள் பூசிய மஞ்சள். பாலும் தேனும் கலந்த தண்ணீரை விட்டுக் கழுவித் தட்டில் வைத்தார். இடது சாக்ஸில் கை வைத்தார்.

அவர் கையின் மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. மருதாணி போட்ட கை.

“பப்பா, ப்ளீஸ்.”

“எடு கையை.”

“விடு நிராலி,” என்றான் நூனோ. “நான்தான் முதல் நாளே சொல்லலாம்னு சொன்னேனே.”

குனிந்து அவனே சாக்ஸை உருவினான். பைஜாமாவையும் கொஞ்சம் மேலே ஏற்றினான்.

பட்டை இல்லை. கணுக்காலும் இல்லை. கறுப்பாக ஒரு பிடி, அதற்கு மேலே பளபளவென்று ஒரு குழாய். கீழே ரப்பரில் செய்த பாதம். அச்சில் வார்த்த விரல், அச்சில் வார்த்த நகம். அந்த விரல்களின் மேலும் மஞ்சள். ரப்பரில் ஏறிய மஞ்சள் தோலில் ஏறியதைவிடப் பளிச்சென்று இருந்தது. தேய்த்தும் போயிருக்காது. படத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் லூர்தெஸ் குனிந்து செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

தயாலால் குழாயிலிருந்து பையனின் முகத்துக்குக் கண்ணை ஏற்றினார்.

“இது எப்ப?”

“காலேஜ்ல படிக்கும்போது. மோட்டார் சைக்கிள், அங்கிள்.”

“போலீஸ்?”

“ஆம்புலன்ஸ்காரங்கதான் வந்தாங்க.”

“ஜெயில்?”

“என்ன ஜெயில்?” என்றான் நூனோ. நிராலியைப் பார்த்தான். நிராலி அம்மாவைப் பார்த்தாள். ஹன்சா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

தயாலாலுக்குக் கோபம் வந்தது. பட்டை இருந்திருந்தால் என்ன செய்வதென்று தெரியும். “ஏன்டி மறைச்சே? பெத்தவன்கிட்ட மறைக்கிற விஷயமா இது? போட்டோக்காரிக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது!”

“பிரவீன் மாமா பொண்ணைப் பாக்க வந்தாரே ஒருத்தர், கை கொஞ்சம் குட்டையா. அவர் கிளம்பி வாசல் தாண்டல, ‘முழுசா ஒரு பையன் கிடைக்கலையா உங்களுக்கு’ன்னு கேட்டீங்க. அவர் காதுல விழுந்துது, பப்பா. நான் அவர் மூஞ்சியைப் பாத்தேன்.”

“பிரவீன் என் அபிப்பிராயம் கேட்டான். சொன்னேன்.”

“அதான் நாங்க கேக்கல.”

“முதல் நாளே சொல்லியிருந்தா?”

“வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

சொல்லியிருப்பார். அவருக்கே அது தெரிந்தது. இத்தனை பேர் சேர்ந்து அவரை ஏமாற்றியதுகூட அவ்வளவு எரியவில்லை. சரியாகக் கணக்குப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்களே என்பதுதான் எரிந்தது. காவலாளியின் பையையே எல்லாரும் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

பையன் வீட்டார் வரிசையில் லூர்தெஸ் எழுந்து நின்றாள். கை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் விரல் நுனிகளிலும் மஞ்சள் போகவில்லை.

தயாலால் சொம்பை எடுத்தார். அந்தக் குழாயைச் சந்தேகத்தோடு பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“துருப் பிடிக்குமா?”

“பிடிக்காது, அங்கிள். இதோடதான் மழையில போறேன்.”

“பால் உள்ள போனா நாறுமே?”

“துடைச்சுட்டா நாறாது.”

“ம்,” என்றார் தயாலால். அவர் நம்பினதாகத் தெரியவில்லை. ஆனால் தண்ணீரைச் சாய்த்தார். ரப்பர் விரல்களின் இடுக்கெல்லாம் கையை விட்டுக் கழுவினார். கழுவி முடித்து, தோளில் போட்டிருந்த புதுத் துண்டை எடுத்து, பிடி, குழாய், குதிகால் என்று ஒவ்வொன்றாக ஒத்தித் துடைத்தார். வலது பாதத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

மகராஜ் மூச்சை விட்டு மந்திரத்தைத் தொடங்கினார். நிராலி அழுதாள். மை கன்னத்தில் இறங்கியது.

தயாலால் நிமிர்ந்தார். ஹர்லீன் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, எடுத்தியா?”

“இல்ல அங்கிள்.”

“ஏன் எடுக்கல?”

“எடுக்கலாமான்னு தெரியல. நிராலி கால் வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க.”

“அவ சொன்னது நேத்து. கிட்ட வா. இன்னும் கீழ. முழங்காலுக்குக் கீழ எடு.” சொம்பில் மிச்சம் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். கொஞ்சம் இருந்தது. “மகராஜ், நிறுத்துங்க. இன்னொரு தடவை.”