தனி வாசல், தனிச் சமையல்

பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்ன பில் கலெக்டர் பதினொன்றரை வரை வரவில்லை. ராஜமேரி வாசலுக்கும் சந்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வீட்டு வரி மறுமதிப்பீடு என்று கடத்தூரே கதிகலங்கிக் கிடந்த நேரம். டேப்போடு ஆள் வருகிறார் என்றால் சனங்கள் மாட்டுக் கொட்டகையைக்கூட மறைக்கப் பார்த்தார்கள். இவள் ஒருத்திதான் எனக்கு வரி போடுங்கள் சாமி, தயவுசெய்து போடுங்கள் என்று பேரூராட்சி ஆபீஸ் படியேறிக் கெஞ்சிவிட்டு வந்தவள். பைத்தியம் ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே இருக்கிற ஓடு போய்விடக் கூடாதே என்ற பயம்.

விஷயம் இதுதான். முன்பக்கம் தார்சுக் கூரை போட்ட வீடு, பின்பக்கம் இரண்டு ஓட்டு அறை, எல்லாம் சேர்ந்து ஒரே கதவு எண். வரி ரசீது இன்னமும் செத்துப்போன அப்பா வியாகுலம் பேரில்தான் வருகிறது. புருஷன் விட்டுவிட்டு ஓடிய பிறகு பதினோரு வருசமாக ராஜமேரி பின் அறைகளில் இருக்கிறாள். முன்னால் அண்ணன் டேவிட்ராஜும் அண்ணி தெரசாவும். 'பின்னாடி ரெண்டும் மேரிக்கு' என்று அப்பா வாயால் சொன்னதோடு சரி, ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்தாரா மனுசன்! இப்போது அண்ணன் தான் வேலை பார்க்கும் ஓசூருக்கே குடிபோக முடிவு செய்து, பொம்மிடிக்காரர் ஒருவரிடம் வீட்டை விலை பேசிக்கொண்டிருக்கிறான். மறுமதிப்பீட்டில் மொத்த வீடும் தன் பேருக்கு ஏறிவிட்டால் அவனுக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிக்குத் தங்கச்சியின் கையெழுத்து. இரண்டு சத்தம் போட்டால் போட்டுவிடுவாள் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பில் கலெக்டர் முனியப்பன் திங்கட்கிழமையே விவரமாகச் சொல்லியிருந்தார்.

"வாரிசு சர்டிபிகேட்ல உங்க பேரும் இருக்குதுங்கம்மா. தனி வாசல், தனிச் சமையல் இருந்தா தனி நம்பருக்கு எழுதலாம். ஒரே அடுப்புல சோறு பொங்கினா அது ஒரே வூடுதான். நேர்ல பாத்துட்டுத்தான் எழுதுவேன். ரசீது வந்துட்டா பட்டா வந்துட்ட மாதிரின்னு நெனைச்சிக்காதீங்க."

பட்டா இல்லாவிட்டால் போகிறது. தனி நம்பர் விழுந்துவிட்டால், வாங்க வருகிறவன் இந்த இரண்டு அறையும் யாருடையது என்று கேட்டே ஆகவேண்டும் அல்லவா?

வாசலுக்குக் கவலை இல்லை. சந்துப் பக்கம் விறகு அடுக்கி அடைத்திருந்த கதவைத் திறந்துவிட்டாள். சமையல்தான் உதைத்தது. நாத்தனாரும் அண்ணியும் பதினோரு வருசமாக ஒரே சட்டியில் குழம்பு வைத்துத் தின்றவர்கள். இவள் புளி கரைத்தால் அவள் தாளிப்பாள். டேவிட்ராஜ் போன வாரம் ஓசூருக்குக் கிளம்பும்போதே பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். "யாரு வந்து கேட்டாலும் ஒண்ணாத்தான் பொங்கித் திங்கறோம்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத." அதில் பொய் ஏது? உண்மை முழுக்க அவன் பக்கம் நின்றது, அதுதான் ராஜமேரியின் கிலி. அண்ணியிடம் உதவி கேட்கவும் வாய் வரவில்லை. கட்டின புருஷனுக்கு எதிராகப் பேசு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

ஆகவே தானே ஒரு சமையலறை செய்தாள். சிநேகிதி வீட்டில் கேஸ் அடுப்பு இரவல், நாலு பாத்திரம், ஒரு அஞ்சறைப்பெட்டி. ஆபீசர் வருகிறாரே என்று சுவருக்கு இரண்டு பூச்சு சுண்ணாம்பும் அடித்து வைத்தாள், கூறுகெட்டவள்.

முனியப்பன் வந்து அறைகளை அளந்தார், வாசலைப் பார்த்தார், தலையாட்டினார். அடுப்பருகே வந்ததும் நின்றுவிட்டார். சுவரில் விரலை வைத்துத் தேய்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வெள்ளைதான் ஒட்டியது.

"ஏங்கம்மா, இந்த அடுப்புல என்னைக்காச்சும் கடுகு தாளிச்சிருக்கீங்களா?"

"தாளிப்பேங்க" என்றாள்.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நடுக்கதவு வழியாக முன்வீட்டுக்குப் போனார். அந்தோணியாரே, கைவிட்டுடாதீங்க என்று முணுமுணுத்துக்கொண்டு ராஜமேரி பின்னாலேயே ஓடினாள். தெரசா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"உங்க வூட்டுக்காரரு ஒரே வூடுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. இவங்க தனின்னு சொல்றாங்க. ஒண்ணாத்தான் சமைக்கறீங்களா?"

தெரசா நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணாவா? நல்லாக் கேட்டீங்க போங்க! மூணு வருசமா எனக்கும் இவளுக்கும் பேச்சே கெடையாதுங்க."

"அப்படி என்ன சண்டைங்க?"

"எதைன்னு சொல்றது? இவ வந்த நாள்ல இருந்து பேச்சு நிக்கற வரைக்கும் நானும் எம் புருசனும் ஒரு வேளை தனியா உக்காந்து சாப்பிட்டதில்ல. எப்பவும் நடுவுல இவ. நான் வச்ச குழம்பை எம் மாமனாருகிட்ட நக்கல் பண்ணிச் சிரிப்பா. அம்மை போட்டு நான் கெடந்தப்ப அப்பனுக்குக் கஞ்சி வச்சவ எனக்கு ஒரு டம்ளர் கொண்டாந்து வைக்கலீங்க. என் வூட்டுலயே நான் விருந்தாளி மாதிரி இருந்தேன்."

மூச்சு விடாமல், ஒரு வார்த்தை தடுக்காமல் சொன்னாள். ராஜமேரிக்குக் காது சுட்டது. அம்மை போட்டது நிஜம். கஞ்சி வைக்காததும் நிஜம். அது அண்ணியின் மனசில் இத்தனை வருசம் கிடந்தது என்று இவளுக்கு எங்கே தெரியும்?

"போதும் போதும், எனக்கு எதுக்கும்மா குடும்பக் கதை?" என்று முனியப்பன் அவசரமாக எழுதினார். தெரசாவிடம் கையெழுத்து வாங்கினார். "தனி நம்பருக்கு எழுதியிருக்கறேன். உங்க வூட்டுக்காரருக்கு நோட்டீஸ் வரும். ஆட்சேபனை பண்ணுனாருன்னா மறுபடியும் வந்து பாப்பேன். எப்ப வருவேன்னு சொல்லமாட்டேன்."

அவர் வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், ராஜமேரி ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்காக இத்தனை பொய்யி சொன்னீங்களே அண்ணி!"

தெரசா கையை உருவிக்கொண்டாள். "எல்லாத்தையும் பொய்யாச் சொன்னா அந்தாளு நம்புவாராடி?"

ராஜமேரியின் அழுகை நின்றுவிட்டது. "எது அண்ணி பொய்யி?"

"மூணு வருசமாப் பேசலைன்னது பொய்யி."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சட்டி, அதில் ஒரு ஆளுக்கான அரிசி.

"சனிக்கெழமை உங்கண்ணன் வந்து குதிப்பாரு. அதை நான் பாத்துக்கறேன். உங்கப்பா சொன்ன சொல்லு என் காதுலயும்தான் விழுந்துச்சு. இந்தா, இன்னைக்கு இதைப் பொங்கிக்க. நாளையில இருந்து நீயே வாங்கிக்க. நடுக்கதவைச் சாத்தப் போறேன், சந்து வழியாப் போ."

"அண்ணி, ஒரு வார்த்த..."

"போ மேரி. எனக்கும் வேலை கெடக்குது."

நடுக்கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. ராஜமேரி அரிசிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவைச் சுற்றித் தன் வீட்டுக்குப் போனாள்.