மேல் திசைக்கு ஓர் அனுமதி

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு சித்திரை பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குத் திருவனந்தபுரம் தம்பானூரில் போட்ட அம்மன் பாட்டு, பதினொன்றரை மணிக்குக் கல்லாற்றில் ஒரு டீக்கடையின் தகரக் கூரைமேல் விழுந்தது. இடையிலுள்ள நாற்பத்தைந்து கிலோமீட்டரில் அதை யாரும் கேட்கவில்லை. பொன்முடி மலைக்குப் போகும் அரசுப் பேருந்தும் தம்பானூரிலிருந்து கல்லாற்றுக்கு வர இரண்டேகால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், பாட்டு தாமதமாக வந்ததென்று குறை சொல்ல முடியாது.

பாட்டைப் போட்டவர் மைக் செட் சொரிமுத்து. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகியபின் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டவர். ஓர் ஆம்ப்ளிஃபையர், இரண்டு மைக், ஊரார் கோளாம்பி என்று சொல்லும் குழாய் ஒலிபெருக்கிகள் நான்கு. இவைதான் அவருடைய சொத்து, தொழில், மரியாதை எல்லாம். ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு அந்தச் செட் இரண்டு திருவிழாக்களில் பிடிபட்டு, இரண்டு முறையும் காவல் நிலையத்தில் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருந்தது. மூன்றாம் முறை போனால் வராது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து சொரிமுத்து வீட்டில் அம்மிக்கல்லைக்கூட மெதுவாகத்தான் நகர்த்தினார்கள்.

ரயில் நிலையத்துக்குப் பின்புறம் தமிழ்த் தொழிலாளர்கள் கட்டிய முத்தாரம்மன் கோயிலில் சித்திரைக் கொடைவிழா மூன்று நாள். அதற்கு மைக் அனுமதி கேட்டு அவர் போன அலுவலகத்தில் விண்ணப்பப் பாரங்களைப் பார்த்துவந்தவர் பட்டாபி. வலியசாலை அக்ரகாரத்துக்காரர். விதிகளைச் சகஸ்ரநாமம் போல மனப்பாடமாக வைத்திருந்தார். கோளாம்பி எந்தத் திசையைப் பார்க்கும் என்று பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. பட்டாபி வரைபடத்தை விரித்து, கோயிலைச் சுற்றி நூறு மீட்டருக்கு நூல் பிடித்துப் பார்த்தார்.

"கிழக்கே ஆஸ்பத்திரி. மேற்கே பள்ளிக்கூடம். வடக்கே கோர்ட்டு. தெற்கே மசூதி. நாலு திக்கும் அடைஞ்சு போச்சேடாப்பா. உன் கோளாம்பி எங்கேதான் பார்க்கும்?"

"போன வருசம் ரோட்டைப் பார்த்துக் கட்டினேன், சாரே."

"அதனாலதானே ஒரு மாசம் ஸ்டேஷனைப் பார்த்துண்டு இருந்தது!"

"அப்ப அந்தக் கட்டத்தை வெறுமன விட்டிருங்க."

ஏகாதசியன்று கருவாடு கேட்டவனைப் பார்ப்பதுபோல் பட்டாபி அவரைப் பார்த்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. காலிக் கட்டமுள்ள பாரம் மேலே போனால் அப்படியே திரும்பி வரும் என்பது அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த நியதி. கொஞ்ச நேரம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி இருந்தவர், பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தில் 'மேல்' என்று எழுதினார். மேலிடத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. முத்திரை விழுந்தது.

அனுமதியில் எழுதியபடியே சொரிமுத்து நான்கு கோளாம்பிகளையும் கமுக மரத்து உச்சியில் வானத்தைப் பார்த்துக் கட்டினார். கோயில் தலைவரும் பரோட்டா மாஸ்டருமான தாணுலிங்கம், "மழை பெஞ்சா தண்ணி பிடிக்கவாலே?" என்று கேட்டார். பாட்டைப் போட்டதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிந்தது, முள் ஆடியது, மரத்துக்கு நேர் மேலே பறந்த பருந்து ஒன்று ஆறடி உயரே எறியப்பட்டது. கீழே நின்றவர்களுக்கோ கொட்டுக்காரர் செருமியதுதான் கேட்டது. ஒலி அளக்கும் கருவியோடு வந்த அதிகாரி ஹரிஷங்கர் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, மீறல் இல்லை என்று எழுதினார். "ஊமைக் கொடையால்ல நடத்துதோம்?" என்று புலம்பினாலும், தாணுலிங்கம் மைக்கைப் பிடித்து வழக்கமான அறிவிப்புகளை ஒன்று விடாமல் செய்தார். ஒவ்வொன்றின் முடிவிலும், மைக் செட்காரரின் உரிமைப்படி, "ஒலி அமைப்பு: சொரிமுத்து சவுண்ட்ஸ், தம்பானூர்" என்று முகவரியையும் சொன்னார்.

கல்லாற்று டீக்கடை ஜெபமலருடையது. மார்த்தாண்டத்துக்காரி, விதவை, யாருக்கும் பயப்படாதவள். பதினொன்றேகாலுக்கே முதலில் மேளம் விழுந்தது. கனமானது அல்லவா, முந்திக்கொண்டது. கூரை ஒரு சாண் பள்ளமாகி, அலமாரியிலிருந்த கண்ணாடிக் கிளாஸ்களில் பதினாறு உடைந்தன. பிறகு பதினொன்றரைக்குப் பாட்டு விழுந்தது. அதன்பின், வன்னியபெருமாள் எங்கிருந்தாலும் பொங்கல் பானைக்கு வரவும் என்ற அறிவிப்பும், முகவரியும். ஜெபமலர் அந்த முகவரியை அப்படியே புகார் மனுவில் எழுதி, திரும்பிப் போகும் பேருந்து கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். சாயங்காலத்துக்குள் மனு பட்டாபியின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை சொரிமுத்துவைக் கூப்பிட்டு விட்டார்கள். ஒலி கிளம்பும் இடத்தில் மீறல் இல்லை, விழும் இடத்தைப் பற்றி விதியில் பேச்சே இல்லை என்று பட்டாபி வாதாடிப் பார்த்தார். ஹரிஷங்கர் ஒப்பவில்லை. வியாழக்கிழமை கருவியோடு தானே கல்லாறு போவதாகவும், ஐம்பத்தைந்து டெசிபலுக்கு மேலே ஒரு புள்ளி போனாலும் செட்டை எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

இதற்குள் கல்லாற்றில் நிலைமை மாறிவிட்டது. புதன்கிழமை பொன்முடிக்குப் போன வேன்கள் எல்லாம் டீக்கடை முன்னால் நின்றன. எர்ணாகுளத்திலிருந்து வந்தவர்கள் ஆற்றுப் பாறைகளில் உட்கார்ந்து, வானத்திலிருந்து இறங்கிய நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே மூன்றாம் சுற்று டீ குடித்தார்கள். ஜெபமலர் மனுவைத் திரும்பக் கேட்டு அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். பதிவான மனு பதிவானதுதான் என்றார் பட்டாபி. சொல்லிவிட்டு, நாளைக்கு அளக்க வருகிறார்கள் என்பதையும், எத்தனை புள்ளிவரை பாதகமில்லை என்பதையும், கேட்காமலே சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை ஒன்பதேகாலுக்குச் சொரிமுத்து பாட்டைப் போட்டார். ஹரிஷங்கர் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். "சத்தத்தைக் கொஞ்சம் கொறையுமேன்," என்றாள் சொரிமுத்துவின் மனைவி சுடலைமாடத்தி. சொரிமுத்து குமிழில் கை வைத்தவர், எடுத்துவிட்டார். குறைத்தால் பாட்டு பாதிவழியில் நெடுமங்காட்டில் விழுந்துவிடும். அங்கேயும் கோர்ட்டு இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது.

"கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. அம்மைதான் பாத்துக்கிடணும்."

"அம்மை பாட்டைக் கேட்டே மூணு நாளாச்சு," என்றாள் அவள். "அவ எங்க இருந்து பாப்பா?"

பேருந்து திரும்பி வரும்வரை சொரிமுத்து ஆம்ப்ளிஃபையரின் மேல் ஒரு கையை வைத்தபடியே, காய்ச்சல்காரக் குழந்தையின் பக்கத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

கல்லாற்றில் இறங்கிய ஹரிஷங்கர் கண்டது, டீக்கடைக் கூரை முழுக்க ஆற்றில் நனைத்து விரித்த மரச்சீனிக் கிழங்குச் சாக்குகள். பக்கத்துக் கடைகளின் கூரையிலும், பாறைகள் மேலும், நின்றிருந்த ஒரு ஜீப்பின் மேலும் சாக்கு.

"இது என்ன?"

"வெயிலு சாரே. எனக்க கூரை சுடுது."

"ஜீப்பும் சுடுதா?"

"அதுக்கும் கூரை இருக்கில்லியா?"

பதினொன்றரைக்கு ஒலி விழுந்தது. ஈரச் சாக்கில் விழுந்து, பாதி ஊறி, மீதி மெல்ல எழுந்தது. ஹரிஷங்கர் கடை வாசலிலும் ஆற்றோரத்திலும் ஜீப்பின் பக்கத்திலும் அளந்தார். ஐம்பத்துமூன்று. சாக்கை எடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினார், காணவில்லை. உடையாத கிளாஸில் வந்த டீயைக் குடித்தார். நாலேகால் மணிக்குத் தம்பானூரில் இறங்கி, கோயிலுக்கு நடந்து வந்து, சொரிமுத்துவிடம் காகிதத்தை நீட்டினார். சொரிமுத்துவுக்கு அந்த மலையாள எழுத்து வாசிக்கத் தெரியாது. ஹரிஷங்கரின் முகத்தை வாசித்துவிட்டு, ஆம்ப்ளிஃபையர் மேலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கை நாலு நாள் சிவந்திருந்தது.

அதன்பின் ஆண்டுதோறும் பட்டாபி 'மேல்' என்று எழுதினார். அவர் ஓய்வு பெற்றபின் வந்த பத்மஜா பழைய ஃபைலைப் பார்த்து அதையே எழுதினாள். கொட்டுக்காரர்கள் பாட்டு தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து அடிக்கப் பழகினார்கள், இரண்டும் ஒன்றாக விழுந்தன. செட் பிறகு எந்த ஸ்டேஷனையும் பார்க்கவில்லை. கல்லாற்றில் மட்டும் ஒரு வேலை கூடிவிட்டது. மூன்று நாள் பாட்டை உறிஞ்சிய சாக்குகளைக் கொடியில் போட்டால் துளித்துளியாகச் சொட்டிக்கொண்டேயிருக்கும். முறுக்கிப் பிழிந்தால் ஒரு சரணம் முழுதாக வரும். இதற்கு அனுமதி வேண்டுமா என்று ஜெபமலர் ஒரு முறை எழுதிக் கேட்டாள். சாக்குக்குப் பாரத்தில் கட்டம் இல்லை என்று பதில் வந்தது. வைகாசி பாதி ஆகும்வரை அவை காய்வதில்லை.