பெஸ்யாவின் தொண்டையில் குடியிருந்தவர்கள்

பெஸ்யா வாயைத் திறந்து பாடினால் பதினேழு பேர் பாடுவது கேட்கும். வில்னாவின் யூதர்களை நாஜிகள் கெட்டோ என்ற வேலியிட்ட குடியிருப்பில் அடைத்து வைத்திருந்த காலத்தில் அவளோடு சேர்ந்திசைக் குழுவில் பாடியவர்கள் அவர்கள். ஒவ்வொருவராகக் கொண்டுபோகப்பட்டார்கள், ஆனால் அடுத்த ஒத்திகைக்குக் குரல் மட்டும் தவறாமல் வந்துவிடும். கடைசியில் போக்கிடமில்லாமல் எல்லாக் குரல்களும் மிஞ்சிய ஒருத்தியின் தொண்டையில் குடியேறின. போர் முடிந்து, பவேரியாவில் இருந்த எங்கள் அகதி முகாமுக்கு அவள் வந்தபோது, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடுவதுதான் சிரமம், மற்றபடி பாரமில்லை என்றாள்.

ஒரு மதியம் சூப் வரிசையில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்ததும், முன்னால் நின்ற ஹிண்டே தகரக் கிண்ணத்தைக் கீழே போட்டாள்.

"அது என் வீட்டுக்காரர் கொரலுடி!"

ரொட்டி சுடுகிற லெய்ப்பின் கட்டைக் குரல்தான் அது. அன்றிலிருந்து ஹிண்டே தினமும் பெஸ்யாவைப் பாடச் சொல்லிக் கேட்டாள். முதலில் அழுதாள், கொஞ்ச நாளில் திட்டத் தொடங்கினாள். "அடுப்படியில கத்துற மாதிரியே கத்துறீரே, மத்தவங்க பாட வேணாமா?" என்பாள். குரல் அடங்கிவிடும். அதைக் கேட்க வந்தவர்களும் கூடவே பாட, முகாமில் ஒரு குழு உருவாகிவிட்டது.

இரண்டாம் வருடம் கடிகாரம் பழுதுபார்க்கும் அவ்ரோமைக் கட்டிக்கொள்ள ஹிண்டே சம்மதித்தாள். அவனும் மனைவியைப் பறிகொடுத்தவன்தான். கல்யாணத்துக்கென்று பெஸ்யா புதுப் பாட்டு ஒன்று கட்டினாள். பழைய பாட்டுகள் மட்டுமே தெரிந்த இறந்தவர்கள் திக்கித் திணறிக் கற்றுக்கொண்டார்கள். லெய்ப் மட்டும் பாடவில்லை.

"கோவமா இருக்காரா?" என்று கேட்டாள் ஹிண்டே.

"தெரியலடி. உள்ளதான் இருக்காரு. வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

"அப்ப இந்தக் கல்யாணமே வேணாம்."

அவ்ரோம் இதைக் கேள்விப்பட்டு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெஸ்யாவின் கழுத்துக்கு நேராகக் குனிந்தான். "அண்ணே, உங்க எடத்துல உக்கார நான் வரல. பக்கத்துல கொஞ்சம் எடம் குடுங்க, போதும்."

கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்று லெய்ப்புக்குப் பதிலாகப் பெஸ்யாவே சொன்னாள்.

எங்கள் கல்யாண வழக்கப்படி நான்கு கழிகளில் பட்டாளத்துப் போர்வையை விதானமாகக் கட்டி, அதன் கீழ் மணமக்களை நிறுத்தினோம். குழு புதுப் பாட்டைத் தொடங்கியது. இரண்டாம் சரணத்தில் லெய்ப்பின் குரல் அடியிலிருந்து எழுந்து வந்தது. ஒரு சொல்கூடத் தவறவில்லை. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முக்காட்டுக்குள் ஹிண்டேயின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் அவ்ரோம் தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"யாருக்கு?" என்றார் சமையற்காரர்.

"லெய்ப் அண்ணனுக்கு."

"உப்பு மீன் சாப்பிடுவாரா?"

"முள் எடுத்துக் குடுத்தா சாப்பிடுவாரு" என்றாள் ஹிண்டே.

சமையற்காரர் உட்கார்ந்து முள் எடுக்கத் தொடங்கினார்.