பூங்காவனத்துக்குக் காவல்

விடியற்காலை ஆறு மணிக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் பட்டறை அதிர்ந்துகொண்டிருந்தது. தகட்டை வை, கையை இழு, மிதி. மறுபடியும் வை, இழு, மிதி. எண்ணெய் நாற்றம் சுலோசனாவின் தொண்டையில் அப்பியிருந்தது. அவள் தொழிலாளர் சங்கச் செயலாளர். நன்றாகப் பேசுவாள் என்பதால் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரின் ஒயரை, வேலை வேகமாக ஓடவில்லை என்று போன மாதம் முதலாளி கஜபதி பிடுங்கிப் போட்டிருந்தார். சுலோசனா இரண்டு மனு கொடுத்தாள். ஒயர் தொங்கியபடியே கிடந்தது.

ஆறே முக்காலுக்கு ஓர் அலறல் கிளம்பிப் பாதியில் அறுந்தது. சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்த, அடுத்த மெஷினில் வேலை செய்யும் பூங்காவனத்தின் தலைமேல் பெரிய பிரஸ் இறங்கிவிட்டது. ரத்தம் எண்ணெயோடு கலந்து சுலோசனாவின் செருப்புவரை ஓடி வந்தது. நான்கு பேர் சேர்ந்து உடலை இழுத்துத் தரையில் கிடத்தினார்கள். உயிர் இல்லை.

கஜபதி இரும்புக் குழாய் ஏந்திய நான்கு அடியாட்களோடு வந்தார். சுலோசனாவை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டார்.

"தோ பாரும்மா, அவ ரோட்ல லாரில அடிபட்டுட்டா. பாடிய வண்டில ஏத்திடுவாங்க."

"மெஷின்ல செத்தவள ரோட்ல செத்தான்றியா? ஒயரப் புடுங்குனது நீதான?"

"அந்த ஒயர இப்ப திருப்பி மாட்டிட்டா எவன் கேப்பான்?"

சட்டம், பேக்டரி இன்ஸ்பெக்டர் என்று அவள் பேசிக்கொண்டே இருந்தபோது வெளியே இரும்பு எலும்பில் விழும் சத்தம் கேட்டது. ஓடினாள்.

பேக்கிங்கில் வேலை செய்யும் ஞானம்மாள், உடலைத் தன் புடவை முந்தானையால் மூடி, ஒரு கையால் பிரஸ்ஸின் காலைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. அடியாள் ஒருவன் அவள் விரல்களைப் பூட்ஸால் மிதித்தான். எலும்பு முறிந்தது. அவள் மறுகையில் கிடைத்த தகட்டுத் துண்டால் அவன் முழங்காலைக் கிழித்தாள். சுவரோரம் நாற்பது பேர் ஒட்டி நின்றார்கள். எல்லார் கண்ணும் சுலோசனா மேல் இருந்தது.

"ஞானம், வந்துடுடி! கொன்னுடுவானுங்க. பேசிப் பாக்கலாம்."

"பேசுனது போதும்." ஞானம்மாள் ரத்தத்தைத் துப்பினாள். "எங்க வேதத்துல ரிஸ்பாள்னு ஒருத்தி கீறா. ராஜா ஏழு பேரத் தூக்குல போட வுட்டான். ரெண்டு பேருதான் அவ பெத்தது. ஆனா ஏழு பொணத்தையும் பகல்ல காக்கா கொத்தாம, ராவுல நரி தின்னாம, மழை வர்ற வரிக்கும் பாற மேல குந்திகினு காத்தா. பதவி இல்ல, படை இல்ல. எவனாண்டயும் கெஞ்சல. அவ எடத்த வுட்டு நவுரல. ராஜாதான் எறங்கி வந்து எலும்ப அடக்கம் பண்ணான்."

அடியாள் குழாயை மறுபடியும் ஓங்கினான். சுலோசனா குறுக்கே பாய்ந்தாள். அடி தோளில் இறங்கியது. கண் இருண்டது. விழுந்தவள் எழுந்து பூங்காவனத்தின் மறுபக்கம் உட்கார்ந்து அவளுடைய குளிர்ந்த காலைப் பற்றிக்கொண்டாள்.

கிரேன் ஓட்டும் கங்காதரன் மெயின் சுவிட்சை இறக்கினார். பட்டறை அடங்கியது. அந்த அமைதியில் சுவரோரம் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். சபீனா முதலில் வந்தாள், பிறகு எல்லாரும். குழாய்கள் பிடுங்கப்பட்டன. அடியாள் ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. தொழிலாளி வீரராகவன் தான் பிடுங்கிய குழாயைக் கஜபதியின் தலைக்கு மேல் ஓங்கிவிட்டான்.

"வோணாம்!" சுலோசனா கத்தினாள். "அவன அடிச்சா கேஸு நம்ம மேல திரும்பும். கீழ போடு. இங்க வந்து குந்து."

அவன் குழாயைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"எத்தினி நாளு குந்துவீங்க?" கஜபதி உறுமினார்.

"பேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து அந்த ஒயரப் பாத்து எழுதற வரிக்கும்," என்றாள் சுலோசனா.

யார் சொல்லியனுப்பியதோ, போலீஸ் ஜீப் கேட்டுக்குள் நுழைந்தது. கஜபதி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அதை நோக்கி நடந்தார். வந்தவர்கள் யார் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பட்டறையிலிருந்து சத்தம் கேட்டு வந்த பெண்கள் வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்தார்கள். சுலோசனா நகர்ந்து தன் பக்கத்தில் அவர்களுக்கு இடம் விட்டாள்.